படகைத் தூக்கும் சைக்கிள், சைக்கிளைத் தூக்கும் படகு... கொலராடோ ஆற்றில் அக்காவின் தனி ஒரு ராத்திரி!

ஆறு ஒருவழிப் பாதை. காலையில் படகில் ஏறினால், சாயங்காலம் எங்கேயோ முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்குவோம். ஏறின இடத்தில் நிறுத்திய கார் அங்கேயே நிற்கும். அதை எடுக்க இன்னொரு வண்டி, இன்னொரு டிரைவர், ஒரு முழு ஏற்பாடு வேண்டும். நம்ம ஊர்ப் பரிசல்காரர்களுக்கும் இதே தொல்லைதான். தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் விட்ட இடத்திலிருந்து, பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு மேட்டுப்பக்கம் நடந்தே வருவார்கள்.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் சிலர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காற்றடிக்கும் சின்னப் படகைச் சுருட்டி சைக்கிளில் கட்டிக்கொள்கிறார்கள். ஆறு வந்ததும் படகை ஊதி, சைக்கிளைக் கழற்றி அதன் முன்பக்கம் கட்டுகிறார்கள். மிதக்கிறார்கள். இறங்கும் இடத்தில் மறுபடி படகைச் சுருட்டி, சைக்கிளைப் பூட்டி, மிதித்தே திரும்புகிறார்கள். இதற்குப் பெயர் பைக்ராஃப்டிங். இங்கே பைக் என்றால் பெட்ரோல் வண்டி இல்லை மக்களே, சைக்கிள்தான்.

இந்த வாரம் இதை எழுதக் காரணம் என் பெரியம்மா மகள். டென்வரில் சாஃப்ட்வேர் வேலை. போன செப்டம்பர் கடைசியில் கொலராடோ ஆற்றில் இப்படி ஒரு ராத்திரி பயணம் போய்வந்தாள், தனியாக. கரூரில் இருக்கும் பெரியம்மாவிடம் அதைச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். நான் சைக்கிள் பற்றிச் சொன்னேன், படகு பற்றிச் சொன்னேன், டென்ட் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியம்மா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"தனியாவா?"

கோட்டைக் கழற்றினால் படகு!

சுமந்துகொண்டு போகிற படகு என்பது புது யோசனை இல்லை. 1840-களில் பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, ரப்பர் பூசிய துணியில் ஒரு மேலங்கி செய்தார். போட்டுக்கொண்டால் மழைக்கோட்டு. கழற்றி ஊதினால் ஒருவர் உட்காரும் படகு. கைத்தடிதான் துடுப்புக் கட்டை, குடைதான் பாய்மரம். நம்பக் கஷ்டமாக இருந்தாலும் நிஜம். ஆர்க்டிக் பகுதியில் பயணம் செய்த ஜான் ரே, ஹால்கெட்டின் படகு ஒன்றை எடுத்துப்போய் நன்றாகவே பயன்படுத்தினார். பிரிட்டிஷ் கடற்படைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

இன்றைய படகின் ஊர் அலாஸ்கா. அங்கே சாலைகள் குறைவு, ஆறுகள் அதிகம். நடந்துபோகிறவர்கள் ஆற்றைக் கடக்க, முதுகுப்பையில் அடங்கும் ரப்பர் படகுகளை எடுத்துப்போனார்கள். பொம்மைப் படகு மாதிரியான அவை சீக்கிரமே கிழிந்தன. தோர் டிங்கே என்ற இளைஞர் அப்படி ஒரு நீண்ட பயணம் முடித்துவிட்டு வந்து, "இதைவிட நல்லதா ஒண்ணு செஞ்சு தர முடியுமா?" என்கிற மாதிரி அம்மாவிடம் கேட்டார். அம்மா ஷெரி டிங்கே பனிச்சறுக்கு உடைகள் தைத்து விற்றவர், துணியும் தையலும் கைவந்த கலை. அவர் செய்த படகு 2000-களின் தொடக்கத்தில் அல்பாக்கா ராஃப்ட் என்ற நிறுவனமானது. பிள்ளை கேட்டான், அம்மா தைத்துக் கொடுத்தார்! இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பெரியம்மாவுக்கும் இதை மட்டும் சொன்னேன். "அந்தம்மா படகு தெச்சுக் குடுத்துச்சு சரி, அவன் திரும்பி வர்ற வரைக்கும் தூங்குச்சான்னு கேளு" என்றார்.

படகில் சைக்கிளை ஏற்றியவர்களும் அலாஸ்காக்காரர்கள்தான். ரோமன் டயல், கார்ல் டோபின், பால் அட்கின்ஸ் ஆகிய மூவர் 1996-ல் அலாஸ்கா மலைத்தொடரை ஏறக்குறைய 775 மைல் தூரம் மலை சைக்கிளிலும் இந்த வகைப் படகுகளிலும் கடந்தார்கள். மறுவருஷம் நேஷனல் ஜியாகிராபிக் இதழ் அதை வெளியிட்டது. ஆக, இதன் பிறப்பு சாகசத்தில். ஆனால் இப்போது சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள்தான் அதிகம். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறதே.

பெயரை மொழிபெயர்க்கவில்லை

அக்கா போன பகுதிக்கு ரூபி, ஹார்ஸ்தீஃப் கேன்யன்கள் என்று பெயர். கொலராடோ மாநிலத்தின் லோமாவில் ஏறி, யூட்டா மாநிலத்தின் வெஸ்ட்வாட்டரில் இறங்கவேண்டும். 25 மைல், நம் கணக்கில் 40 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சிவந்த மணற்கல் சுவர். ஹார்ஸ்தீஃப் என்றால் குதிரைத் திருடன், வழியில் இருக்கும் ராட்டில்ஸ்நேக் கேன்யன் என்றால் கிலுகிலுப்பைப் பாம்பு என்பதை எல்லாம் கரூருக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

பெயர்தான் பயமுறுத்தும், தண்ணீர் சாது. செப்டம்பரில் ஆறு இறங்கி, மெதுவாக ஓடும். பெரிய பாய்ச்சல்கள் கிடையாது. அக்கா இரண்டு முறை நண்பர்களோடு இதே தடத்தில் மிதந்திருக்கிறாள். ஓடும் தண்ணீரில் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று ஒரு பயிற்சி வகுப்பும் முடித்திருக்கிறாள். தனியாகப் போகும் முதல் தடவைக்குத் தெரிந்த தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டாள். தனியாக ஆற்றில் இறங்காதே என்பதுதான் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது. அந்த அறிவுரையை மீறுகிறோம் என்று தெரிந்து, வேறு எதிலெல்லாம் ஆபத்தைக் குறைக்க முடியுமோ அதிலெல்லாம் குறைத்திருந்தாள்.

இரவு தங்க அனுமதிச்சீட்டு வேண்டும். அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முகாமிடம் ஒதுக்கும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நெருப்பு மூட்டினால் அதற்கென்று உள்ள தட்டில்தான், சாம்பல் உட்பட எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப்போகவேண்டும். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான், காலைக்கடன் கழித்தது உட்பட! அதற்கென்று தனிப் பை இருக்கிறது. அக்கா இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு கரையிலயும் ஒரு பிளாஸ்டிக் கவர்கூடப் பார்க்கலடா சாமி" என்றாள்.

படகு மூன்று கிலோ சொச்சம். பம்ப் கிடையாது. பெரிய நைலான் பை ஒன்றின் வாயைத் திறந்து காற்றைப் பிடித்து, வாயை முறுக்கி, அழுத்தி உள்ளே தள்ளவேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை தள்ளினால் படகு நிமிர்ந்துவிடும், கடைசி இறுக்கத்துக்கு மட்டும் வாயால் ஊதல். டென்ட்டும் படுக்கைப்பையும் படகின் காற்றுக் குழாய்க்குள்ளேயே போய்விடும். அதற்குக் காற்றுப் புகாத ஜிப் இருக்கிறது. புதுப் படகு ஆயிரம் டாலருக்கு மேல். அக்கா வாங்கியது இரண்டாம் கை.

சைக்கிளை ஏற்றுவதில்தான் சூட்சுமம். இரண்டு சக்கரத்தையும் பெடலையும் கழற்றவேண்டும். பல்சக்கரம் படகைக் குத்தாமல் இருக்கத் துணி சுற்றவேண்டும். அக்கா சுற்றியது சென்னிமலைத் துண்டு. எல்லாவற்றையும் முன்பக்கம் வைத்து நாலு பட்டையால் இறுக்கிக் கட்டி, பட்டையின் வால்களை மடித்துச் செருகவேண்டும். கவிழ்ந்தால் கை கால் மாட்டுகிற மாதிரி ஒரு வளையம்கூடத் தொங்கக் கூடாது. எதையும் உடம்போடு கட்டிக்கொள்ளவும் கூடாது. "படகு போனா போகட்டும், நான் கரைக்கு வரணும். இந்தக் கணக்குலதான் ஒவ்வொரு முடிச்சும்" என்றாள்.

ஒரு தாள்

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் அனுப்பினாள். "பிரின்ட் எடுத்து வெச்சுக்கோ. நீதான் என் ஆள்."

அந்தத் தாளில் இருந்தது இதுதான். காரின் நம்பர், நிறம், நிறுத்தும் இடம். படகு ஆரஞ்சு, டென்ட் பச்சை, லைஃப் ஜாக்கெட் சிவப்பு. ஒதுக்கப்பட்ட முகாமிடத்தின் பெயர். திரும்பி மிதிக்கும் பாதை. பிறகு மூன்று இடங்கள்: முகாம், வெஸ்ட்வாட்டர், மறுபடி லோமா. ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு நேரம். ஒன்று, வரும் என்று நினைக்கிற நேரம். இன்னொன்று, கடைசி நேரம். அந்தக் கடைசி நேரம் தாண்டியும் செய்தி வராவிட்டால் மட்டும் போன் செய்யவேண்டும். அதற்கு முன்னால் செய்யக் கூடாது.

போன் யாருக்கு? கொலராடோவில் காணாமல் போனவர்களைத் தேடி மீட்கும் பொறுப்பு அந்தந்த கவுன்ட்டியின் ஷெரீஃப் அலுவலகத்துக்கு. தாளில் இரண்டு நம்பர்கள். சனிக்கிழமை இரவு வரை மெசா கவுன்ட்டி, கொலராடோ. ஆறு மாநில எல்லையைத் தாண்டியதும் கிராண்ட் கவுன்ட்டி, யூட்டா. இரண்டுமே முழு நம்பர்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் இதை ஒரு நிமிஷம் கவனியுங்கள். அங்கே அவசரத்துக்கு 911 என்பது நமக்குத் தெரியும். ஆனால் கரூரிலிருந்து 911 அடித்தால் கொலராடோ போலீஸ் எடுக்காது. பிள்ளை வசிக்கும் ஊரின் போலீஸ் அல்லது ஷெரீஃப் அலுவலகத்தின் முழு நம்பரை, நாட்டின் குறியீட்டோடு போனில் போட்டுவைத்திருக்கவேண்டும். படகில் போகாத பிள்ளைக்கும் இது பொருந்தும்.

இந்தத் தாளை அங்கே 'ஃப்ளோட் பிளான்' என்கிறார்கள். படகில் போகிறவர் யாராக இருந்தாலும் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்கிறது.

பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல் இல்லை. கையடக்கச் சாட்டிலைட் கருவி ஒன்றை எடுத்துப்போனாள். அதில் நாம் போகும் வழியைப் புள்ளி புள்ளியாக வீட்டுக்குக் காட்டும் வசதி உண்டு. அதை வேண்டுமென்றே அணைத்துவைத்துவிட்டாள். "நான் சாப்பிட உட்கார்ந்தாக்கூடப் புள்ளி நின்னுடும். அம்மா அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. மூணு மெசேஜ் போதும்."

எனக்கு இது கொஞ்சம் அதிகம் என்றுதான் தோன்றியது, பெரியம்மாவிடம் தாளைப் படித்துக் காட்டும் வரை.

பெரியம்மா குறுக்கே ஒன்றும் பேசவில்லை. முடித்ததும், "எங்க எறங்குறா, எங்க ஏறுறான்னு எல்லாம் எழுதியிருக்குதா?" என்று மட்டும் கேட்டார். "எழுதியிருக்குதுங்க பெரியம்மா." "மறுக்காப் படி."

எங்கள் வீட்டில் ஒரு மாமா உண்டு. பெரியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் தம்பி. நான் பார்த்தது போட்டோவில் மட்டும். 17 வயதில் ஒரு மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் திரும்பவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சினிமா கொட்டகையில் தேடினார்கள், கூட்டாளிகள் வீட்டில் தேடினார்கள், திருச்சி பஸ்ஸில் ஒருவரை அனுப்பினார்கள். மறுநாள் சாயங்காலம் காவிரிக்கரையில் ஒரு மரத்தில் சாய்த்திருந்த சைக்கிளை யாரோ பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆற்றில் தேடவேண்டும் என்பதே தெரிந்தது. நன்றாக நீந்துவாராம். தடுப்பணைக்குக் கீழே குளிக்க இறங்கியிருக்கிறார்.

தடுப்பணை பற்றி அக்காவின் பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்களாம். சுவர் தாண்டி விழும் தண்ணீர் அடியில் போய், மேலே எழும்பி, மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். உருளை மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் இரண்டடி உயரம், குழந்தை விளையாடுகிற இடம் மாதிரி இருக்கும். உள்ளே மாட்டினால் நீச்சல் தெரிந்தவரையும், லைஃப் ஜாக்கெட் போட்டவரையும், படகையும்கூடத் திரும்பத் திரும்ப இழுக்கும். அமெரிக்காவில் இதை 'மூழ்கடிக்கும் எந்திரம்' என்றே அழைக்கிறார்கள். வகுப்பில் இதைக் கேட்டபோது மாமாவின் நினைவு வந்து எழுந்து வெளியே போய்விட்டதாக அக்கா சொன்னாள். இதைப் பெரியம்மாவிடம் அவள் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

ஞாயிறு காலை 5.30

கொலராடோவுக்கும் நமக்கும் அந்த மாதத்தில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். அவளுடைய சனிக்கிழமை ராத்திரி, எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஷிஃப்ட். சனி ராத்திரி 9.40-க்கு, "லோமா. தண்ணியில இறங்கறேன்" என்று வந்தது. முகாம் செய்தி வரவேண்டிய நேரம் நமக்கு ஞாயிறு காலை 5.30. கடைசி நேரம் 9.30.

5.31-க்குப் போன்.

"கண்ணு, வந்துச்சா?"

"இன்னும் இல்லைங்க பெரியம்மா."

5.50-க்கு மறுபடி. 6.10-க்கு மறுபடி. நான் ஆபீஸில் உட்கார்ந்து தங்கம் விலைச் செய்தியை ஏற்றிக்கொண்டிருந்தேன். 6.40-க்கு அழைத்தபோது குரல் மாறியிருந்தது. "அந்த நம்பருக்கு அடிச்சுரலாமா?"

சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. "ஒம்பதரைன்னு எழுதியிருக்காங்க பெரியம்மா. அதுக்கு முன்னால அடிக்கக் கூடாதுன்னு அக்காவே சொல்லியிருக்கு."

"ஒம்பதரை வரைக்கும் நான் என்ன பண்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தாளில் அதற்கு ஒரு வரி இல்லை.

7.25-க்கு இரண்டு செய்திகள் ஒன்றாக வந்து விழுந்தன. முதலாவது: "எதிர்க்காத்து. ஓரம் கட்டி நிக்கறேன். லேட் ஆகும்." அடுத்தது: "முகாம் வந்தாச்சு. நல்லா இருக்கேன்." முதல் செய்தியை அவள் மூன்று மணி நேரம் முன்பே அனுப்பியிருக்கிறாள். உயரமான பாறைச்சுவர் வானத்தை மறைத்ததில் சாட்டிலைட் கிடைக்காமல் கருவிக்குள்ளேயே தங்கிவிட்டது.

பெரியம்மாவுக்கு அடித்தேன். ஒரு ரிங்கூட முழுசாகப் போகவில்லை, எடுத்துவிட்டார். சொன்னேன். சத்தமே இல்லை. பிறகு பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. லைனைக் கட் பண்ணாமலே சட்னி அரைக்கப் போய்விட்டார்.

நீர்நாய் இல்லை, பீவர்

மத்தியானத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு எதிர்த்திசையில் காற்று வீசுவது வழக்கம். மூன்று கிலோ படகில், முன்னால் சைக்கிள் பாய்மரம் மாதிரி நிற்க, துடுப்புப் போட்டும் பின்னால் போயிருக்கிறாள். மணல்திட்டில் ஒதுங்கி, காற்று அடங்கும் வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே கரையோரமாக ரயில் தண்டவாளம். சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா போகும் பயணிகள் ரயில் அந்த நேரத்தில்தான் போனது. படகுக்காரர்கள் அந்த ரயிலுக்குக் காட்டும் ஒரு சேட்டை அங்கே ரொம்பப் பிரபலம். குடும்பப் பத்திரிகை என்பதால் விவரம் வேண்டாம். அக்கா கைதான் காட்டினாளாம்.

இருட்டும் நேரத்தில் 'கறுப்புப் பாறைகள்' பகுதியின் தொடக்கத்தில் இறங்கினாள். சுற்றிலும் செம்மண் நிறம், ஆற்றோரம் மட்டும் யானை முதுகு மாதிரி கறுப்பு. அந்தக் கறுப்புப் பாறைகளின் வயது சுமார் 170 கோடி ஆண்டுகள். அங்கே தண்ணீர் சுழித்து ஓடும் என்பதால், மிச்சத்தைக் காலை வெளிச்சத்துக்கு வைத்துவிட்டாள்.

சாப்பாடு புளிச்சாதம். ஆற்றுத் தண்ணீரில் வண்டல் அதிகம், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதனால் குடிக்க ஆறு லிட்டர் கையிலேயே கொண்டுபோயிருந்தாள்.

ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்டேன். நட்சத்திரம் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது சத்தம் பற்றி.

"படுத்து அரை மணி நேரம் இருக்கும். ஆத்துல யாரோ பெரிய கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி டமார்னு ஒரு சத்தம். மனுஷங்க யாருமே இல்லாத இடத்துல கல்லு யாரு போடுவா? கத்தியைக் கையில எடுத்துட்டு உட்கார்ந்துட்டேன். திரும்பவும் டமார். அப்புறம்தான் புரிஞ்சுது, பீவர்."

பீவர் என்பது மரத்தைக் கடித்து அணை கட்டும் பிராணி. நம் நீர்நாய் வேறு, இது வேறு. ஆபத்து என்று தோன்றினால் தட்டையான வாலால் தண்ணீரில் ஓங்கி அடித்து மற்ற பீவர்களை எச்சரிக்கும். அன்றைக்கு அந்த ஆற்றில் ஆபத்து என்று பீவருக்குத் தோன்றியது, சென்னிமலைத் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த கரூர்க்காரிதான்.

"நான் அதைப் பார்த்துப் பயப்பட, அது என்னைப் பார்த்துப் பயப்பட... அப்புறம் ராத்திரி ரெண்டு தடவை கூட்ஸ் வண்டி போச்சு. யாரோ ஒருத்தர் முழிச்சு வண்டி ஓட்டிட்டுப் போறார்னு நெனச்சேன். தூங்கிட்டேன்."

திரும்பும் வழி

காலையில் படகு தொங்கிப்போயிருந்தது. ஓட்டை இல்லை, ராத்திரிக் குளிரில் உள்ளே இருந்த காற்று சுருங்கியது. மறுபடி ஊதி, தண்ணீரில் போட்டு, இன்னொரு தடவை ஊதி ஏறினாள். மாநில எல்லையில் பாறைச்சுவரில் கோடு போட்டு ஒரு பக்கம் யூட்டா, இன்னொரு பக்கம் கொலராடோ என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும், ரயில் பயணிகளுக்குத் தெரிவதற்காக. படகில் போகிறவர்களுக்கு அது இனி இறங்கும் இடம் வரப்போகிறது என்பதற்கும் அடையாளம். வெஸ்ட்வாட்டரில் இறங்கியே ஆகவேண்டும். அதைத் தாண்டினால் ஆறு குணம் மாறி, பெரிய பாய்ச்சல்களுக்குள் போய்விடும். அதற்குத் தனி அனுமதி, வேறு படகு, வேறு அனுபவம் வேண்டும்.

11.20-க்குக் கரையேறினாள். அந்தச் செய்தி ஒழுங்காக வந்துவிட்டது. ஒரு மணி நேரம் படகைக் காயவைத்து, சுருட்டி, சைக்கிளைப் பூட்டி மிதிக்க ஆரம்பித்தாள்.

இதில் எழுத ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. லோமாவிலிருந்து மோவாப் வரை போகும் கோகோபெல்லி என்ற 142 மைல் சைக்கிள் தடம் அந்தப் பக்கம்தான் போகிறது, ரொம்பப் பிரபலம். ஆனால் அதன் கரடுமுரடான ஒற்றையடிப் பகுதிகளில் இவ்வளவு சுமையோடு ஏற முடியாது என்று மண் ரோட்டையும் பழைய ஹைவேயையும் பிடித்தாள். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. சங்கிலியில் ஆற்று மணல் நறநற. அவள் எடுத்த போட்டோக்களில் மிதந்தது 112, மிதித்தது 3.

மாலை 4.10-க்கு லோமாவில் காரைத் தொட்டாள். நமக்குத் திங்கள் அதிகாலை 3.40. செய்தியைப் பெரியம்மாவுக்கு ஃபார்வேர்டு பண்ணினேன். காலையில் பார்க்கட்டும் என்று போனைக் கீழே வைப்பதற்குள் நீல டிக் விழுந்தது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் வீடியோ காலில் பேசினோம். அக்காவின் முகம் வெயிலில் கறுத்திருந்தது. பெரியம்மா திட்டுவார் என்று இருவருமே தயாராக இருந்தோம். அவர் கேட்டது, "அந்தத் தாளை இந்தப் புள்ளைக்கு அனுப்புன மாதிரி எனக்கு ஏன் அனுப்பல?"

"உனக்கு இங்கிலீஷ்ல இருந்தா..."

"தமிழ்ல எழுது."

அடுத்த தாள் தமிழில் வந்துவிட்டது. நவம்பரில், வேறு ஓர் இடம், சைக்கிள் மட்டும். ஆற்றுத் தண்ணீர் அப்போது கைவைக்க முடியாத குளிர். இந்த முறை 'ஆள்' நான் இல்லை.

நம்ம ஊரில் முடியுமா?

கமென்ட்டில் கட்டாயம் வரும் கேள்வி என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்ய முடியாது. காவிரியில் மேட்டூருக்குக் கீழே ஈரோடு வரை வரிசையாகக் கதவணைகள். மற்ற ஆறுகளிலும் தடுப்பணைகள். மேலே சொன்ன உருளைத் தண்ணீர் எல்லாவற்றின் கீழேயும் உண்டு. அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் எப்போது ஏறும் என்று கரையில் இருப்பவருக்குத் தெரியாது. காப்புக்காடுகளில் அனுமதி இல்லாமல் நுழைவதும் தங்குவதும் குற்றம். லாரி டியூபைக் கட்டிக்கொண்டு இறங்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஆனால் சைக்கிளும் படகும் ஆறும் சேரவேண்டும் என்றால், அதற்கு நம்மிடம் ஓர் இடம் இருக்கிறது. சேலம் மாவட்டம் பூலாம்பட்டியிலிருந்து எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்தின் நெரிஞ்சிப்பேட்டைக்குக் காவிரியில் விசைப்படகு ஓடுகிறது. கதவணையில் தேங்கிய தண்ணீர், கடல் மாதிரி விரிந்து கிடக்கும். டூவீலரை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிற மூட்டைகள் எல்லாம் அதில்தான் போகும். ஆற்றில் வெள்ளம் கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். எடப்பாடியிலிருந்து பூலாம்பட்டிக்கு மிதித்து, சைக்கிளோடு அக்கரைக்குப் போய், அம்மாபேட்டை வழியாகப் பவானிக்கு இறங்கினால் ராத்திரி தங்க லாட்ஜ் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றவேண்டியதில்லை. கிளம்பும்போது, எந்தக் கரையில் ஏறுகிறோம், எத்தனை மணிக்குள் போன் வரும் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுப் போங்கள்.